நக அலங்காரத்தில் முதலில் எதைக் கற்பது: ஃபைபர்கிளாஸா, ஜெல்லா, அக்ரிலிக்கா?

போன மாதம் ஒரு மதியம், பென்னாகரம் ரோட்டில் இருக்கும் என் பார்லருக்கு அக்கா மகள் வந்தாள். பி.காம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. டியூஷன் எடுத்ததில் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறாள். "சித்தி, நெயில் வேலை கத்துக்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல ஒரு ஜெல் கிட் பார்த்து வெச்சிருக்கேன், லேம்ப்போட வருது. வாங்கிடட்டுமா?" என்றாள். இப்போதைக்கு வேண்டாம், முதலில் நகத்தின் மேல் கண்ணாடி இழைத் துணி ஒட்டி வலுவூட்டும் ஃபைபர்கிளாஸ் ராப் போடக் கற்றுக்கொள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "தர்மபுரியில யாரு சித்தி ஃபைபர்கிளாஸ் கேட்டு வர்றாங்க? கல்யாணப் பொண்ணுங்க எல்லாரும் ஜெல் எக்ஸ்டென்ஷன்தானே கேக்கறாங்க?"

அவள் சொன்னது உண்மைதான். முகூர்த்த மாதங்களில் என்னிடம் வரும் பத்துப் பெண்களில் ஒருத்திகூட ஃபைபர்கிளாஸ் என்ற பெயரைச் சொன்னதில்லை. ஆனாலும் என் பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்பது கடை போட்ட பிறகு வரும் கேள்வி. கற்கத் தொடங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு: என் கை இன்னும் பழகவில்லை, தப்பு நடக்கத்தான் போகிறது, அந்தத் தப்பு எங்கே போய் விழும்? நகத்தின் மேலேயா, நகத்துக்குள்ளேயா, அல்லது எதிரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் தோலிலா? இதை வைத்துத்தான் நான் ஒவ்வொரு முறையையும் எடை போடுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே ஃபேன்சி ஸ்டோரில் போய் நெயில் ராப் என்று கேட்டால் பூப்போட்ட ஸ்டிக்கரை எடுத்துக் கொடுப்பார்கள். அது அலங்காரம், வலு சேர்க்காது. ஆன்லைனில் ஃபைபர் நெயில் என்று தேடினால் விசிறிபோல் விரியும் கண்ணாடி இழைக் கட்டுகள் வரும். அவற்றை நகத்தில் பரப்பி, மேலே ஜெல் பூசி, லேம்ப்பில் காய வைப்பார்கள். அதில் இழை ஃபைபர்கிளாஸ் என்றாலும் வேலை ஜெல் வேலைதான். நான் சொல்வது பழைய முறை. கண்ணாடி இழையில் நெய்த மெல்லிய வலைத்துணி, அதை நனைக்கும் ரெசின் என்ற நீர்த்த பசை, ரெசினைச் சட்டென்று இறுக வைக்கும் ஆக்டிவேட்டர். லேம்ப் கிடையாது, மின்சாரமும் வேண்டாம்.

வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு எங்கே விழும் என்பது அதில்தான் தெரியும். பாலிஷை எடுத்து, கையைக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு க்யூட்டிகிளை, அதாவது நகத்தின் அடியோரத் தோலை, மெதுவாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். நகத்தட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் படலத்தையும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் 240 கிரிட் சொரசொரப்புள்ள பஃபர் என்ற தேய்ப்புக் கட்டையால் நகத்தின் பளபளப்பை மட்டும் எடுத்தால் போதும், நகத்தைத் தேய்த்து மெல்லிசாக்கக் கூடாது. தூசியைத் தட்டி, ஆல்கஹாலில் ஒருமுறை துடைத்துவிட்டால், அதன்பின் விரல் அந்த நகத்தில் படக் கூடாது.

வலைத்துணி ஒரு பக்கம் பசையோடு, காகிதம் ஒட்டி வரும். அதை நகத்தின் வடிவத்துக்கு வெட்ட வேண்டும். க்யூட்டிகிளிலிருந்தும் இரண்டு பக்கச் சதையிலிருந்தும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே தள்ளியே துணி நிற்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் நகம் முழுக்க மூடப் பார்ப்பார்கள், அங்கேயிருந்துதான் ஓரம் தூக்க ஆரம்பிக்கும். துணியின் பசைப் பக்கத்தை விரலால் தொடவே கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை அந்த இடத்தில் ரெசினை உள்ளே விடாது. ஒட்டிய பிறகு அழுத்துவதற்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ரெசின். நகத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விட்டால் அதுவே இரண்டு பக்கமும் பரவும். நனைந்த மல்வேட்டியில் உடம்பு தெரிவதைப்போல, ரெசினைக் குடித்ததும் வலை கண்ணுக்கு மறைந்துவிடும். எங்கே வெள்ளையாகப் புள்ளி தெரிகிறதோ அங்கே ரெசின் போகவில்லை என்று அர்த்தம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்ததே இதுதான். வேலை சரியா, தப்பா என்று துணியே அந்த நிமிடம் சொல்லிவிடும், பக்கத்தில் ஆசிரியர் இல்லாவிட்டாலும். பிறகு சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று ஆக்டிவேட்டரைத் தெளிக்க வேண்டும். கிட்டே பிடித்தாலோ, ரெசினைக் கெட்டியாக விட்டிருந்தாலோ, இறுகும்போது எழும் சூடு நகக்கண்வரை சுரீர் என்று இறங்கும், மேலே குமிழும் வரும். இரண்டாவது பூச்சில் நகத்தின் நுனியையும் சேர்த்து மூட வேண்டும். அப்புறம் ஃபைல், பஃபர், கடைசியில் க்யூட்டிகிள் எண்ணெய்.

இதில் என்னென்ன தப்பு நடக்கும்? துணி கோணலாக ஒட்டும். வெள்ளைப் புள்ளி நிற்கும். மேடு தட்டும். நாலு நாளில் ஓரம் தூக்கும். அத்தனையும் நகத்தின் மேல் விழும் தப்புகள். அசிட்டோனில் பதினைந்து இருபது நிமிடம் ஊறவைத்தால் ரெசின் இளகி, துணி தளர்ந்து வந்துவிடும். சுரண்டாமல் எடுத்தால் கீழே நகம் முன்பு இருந்தபடியே இருக்கும். அடுத்த நாள் மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஒரே கட்டைவிரலில் பத்துமுறைகூடப் பழகலாம், ஆனால் தொடர்ந்து அசிட்டோனில் ஊறினால் நகமும் சுற்றியுள்ள தோலும் வறளும் என்பதால் நடுவில் சில நாள் விட்டு, எண்ணெய் தடவுங்கள்.

இது ஆபத்தே இல்லாத பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். ரெசின் என்பது சயனோஅக்ரிலேட், உடனடிப் பசைகளின் குடும்பம். அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் இருந்த ஹாரி கூவர் 1942இல் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது, தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்று ஒதுக்கிவைத்த பொருள் இது. 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. ஈரம் பட்டதும் இறுகுவது அதன் குணம். நம் தோலில் எப்போதும் ஈரம் இருப்பதால் விரலோடு விரல் ஒட்டுவது கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும். ஒட்டினால் இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் வைத்து மெல்லப் பிரியுங்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும், இமையைப் பிரிக்க நீங்களாக எதுவும் செய்யக் கூடாது.

இன்னொன்று, இதைப் பலர் சொல்லித்தருவதில்லை. சயனோஅக்ரிலேட் பருத்தியில் நிறையக் கொட்டினால் வேகமாக இறுகி, தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். நான் கற்ற முதல் மாதத்தில் பாட்டில் சரிந்து, காட்டன் சுடிதாரில் தொடைப் பக்கம் கொட்டிவிட்டது. துணியை உதறி எழுவதற்குள் கொப்புளம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மடியில் ரப்பர் ஷீட்டோ பிளாஸ்டிக் ஏப்ரனோ போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சால் ரெசினைத் துடைக்காதீர்கள். ஃபைல் போடும்போது கண்ணாடித் துகள் பறக்கும், மாஸ்க் கட்டாயம். ஜன்னல் திறந்திருக்கட்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே சாமி விளக்கு எரிகிற அறையில் இந்த வேலை கூடாது. செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பலசரக்குக் கடை உடனடிப் பசையை நகத்தில் விடுகிறவர்களும் உண்டு. ஒரே குடும்பம் என்றாலும், தோலுக்கும் நகத்துக்கும் என்று தயாரித்தது அல்ல அது. வேண்டாம்.

சரி, ஜெல்லுக்கு வருவோம். ஜெல் அழகானது. என் கடை வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஜெல்லில் தொடக்கக்காரரின் தப்பு தோலில் விழுகிறது. பழகாத கைக்கு ஜெல் வழிந்து க்யூட்டிகிளில் ஏறும். அதைத் துடைக்காமல் லேம்ப்பில் வைப்பார்கள். அல்லது ஒரு கம்பெனி ஜெல், வேறொரு மலிவான லேம்ப். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், அடியில் காய்ந்திருக்காது. காயாத ஜெல்லில் இருக்கும் மெதாக்ரிலேட்டுகள் என்ற ரசாயனங்கள் தோலில் மறுபடி மறுபடி படும்போது ஒவ்வாமை வரலாம். விரல்நுனி சிவந்து, அரித்து, தோல் வெடிக்கும், நகம் சதையிலிருந்து கழன்றுகொள்ளும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். பல் அடைக்கும் பொருட்களிலும் இந்தக் குடும்பத்து ரசாயனங்கள் உண்டு என்பதால், பல் மருத்துவரிடம் போகும்போதுகூட அதைச் சொல்லியாக வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018இலேயே வீட்டு ஜெல் கிட்டுகளைப் பற்றி எச்சரித்தது. ஹெமா என்ற மெதாக்ரிலேட் உள்ள நகப் பொருட்களைத் தொழில்முறைப் பயிற்சி உள்ளவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்திருக்கிறது. ஜெல்லை லேம்ப்பில் காய வைக்க உதவும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே முழுதாகத் தடை செய்துவிட்டார்கள். நம் ஊருக்கு வரும் கிட்டில் என்ன இருக்கிறது என்று அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குகிறவர் எத்தனை பேர்?

சயனோஅக்ரிலேட்டுக்கும் சிலருக்கு ஒவ்வாமை வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது தோலில் பட்ட கணமே இறுகிவிடுகிறது, காயாத ஈரமாக மணிக்கணக்கில் தங்குவதில்லை. வித்தியாசம் அங்கே இருக்கிறது. ஜெல்லைப் போடத் தெரிந்துகொண்டவர்கள்கூட எடுக்கத் தெரியாமல் உரித்துவிடுகிறார்கள், நகத்தின் மேல் ஏடும் சேர்ந்து வந்துவிடும். மே மாத மதியத்தில் கரண்ட் போய், பாதி காய்ந்த ஐந்து விரலோடு ஒரு பெண் காத்திருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அக்ரிலிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொடியையும் திரவத்தையும் பிரஷ் நுனியில் சரியான பதத்தில் உருட்டி வைக்கும் வேலை அது, கை பழக மாதக்கணக்கில் ஆகும். வாசனை ஓரறை வீட்டில் தாங்காது. மலிவுத் திரவங்களில் மீதைல் மெதாக்ரிலேட் இருக்கும் அபாயமும் உண்டு. முழுக்க அதையே கொண்ட நகத் திரவங்களை 1970களிலேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சந்தையிலிருந்து அகற்றியது. அது அளவுக்கு மீறிக் கெட்டியாக நிற்கும். பஸ் கம்பியில் இடித்துக்கொண்டால் ஒட்டு நகம் உடைவதற்குப் பதில் சொந்த நகம் சதையோடு பெயரும். தப்பு நகத்துக்கு உள்ளே விழுகிறது என்று நான் சொன்னது இதைத்தான். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொட வேண்டாம்.

நகத்தைப் பொடியில் முக்கி எடுக்கும் டிப் பவுடர் ஒருவகையில் ஃபைபர்கிளாஸுக்குத் தங்கை. அதிலும் சயனோஅக்ரிலேட்டும் ஆக்டிவேட்டரும்தான், துணிக்குப் பதில் பொடி. ஃபைபர்கிளாஸ் பழகியவருக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். எல்லோர் விரலையும் ஒரே டப்பாவில் முக்காமல், தனிக்கிண்ணத்தில் கொட்டிப் பயன்படுத்தும் ஒழுக்கம் மட்டும் வேண்டும். ஒட்டு நகம், அதாவது பிரஸ்-ஆன், வரவேற்பு ஒருநாள் தாங்கினால் போதும் என்கிற மணப்பெண்ணுக்கு நல்ல தேர்வு. ஆனால் அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

ராப்பிலேயே துணி மூன்று வகை. பட்டுக்கூடு ஏலத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பட்டை விட்டுவிட்டுக் கண்ணாடி இழையைச் சொல்கிறாயே என்று அக்கா கேட்டாள். பட்டு ராப் உண்மையிலேயே அழகு. இன்னும் மெல்லிசு, இன்னும் துல்லியமாக மறையும். ஆனால் வலு குறைவு, வெட்டும்போது இழை பிரியும், புதுக்கைக்கு அடங்காது. லினன் வலுவானது, ஆனால் தடிமனாகவும் வெள்ளையாகவும் தெரியும், மேலே பாலிஷ் போட்டே தீர வேண்டும். ஃபைபர்கிளாஸின் நெசவு நெருக்கமில்லாதது. ரெசின் சுலபமாக உள்ளே இறங்கும், வலுவும் உண்டு, ஏறக்குறைய மறைந்தும்விடும். தொடங்குகிறவருக்கு இதுவே தோது.

இனி, ஃபைபர்கிளாஸ் எங்கே தோற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நீளம் தராது. டிப்ஸ் எனும் பிளாஸ்டிக் நகநுனிகளை ஒட்டி அதன் மேல் போட்டால் ஓரளவு நீட்டலாம், ஆனால் இன்ஸ்டாகிராமில் காட்டும் அளவுக்கு வராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பராமரிப்பு வேண்டும்: விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது, அடியில் விழும் இடைவெளியை இரண்டாவது வாரம் ரெசினால் மட்டும் நிரப்பலாம், நான்காவது வாரம் புதுத் துணித் துண்டும் சேர்த்து வைக்க வேண்டும். பாத்திரம் கழுவி, துணியும் கையால் துவைக்கிற வீட்டில் கையுறை இல்லாமல் நிற்காது. சாமான் தர்மபுரிக் கடைகளில் கிடைப்பது அரிது, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். வேலைக்குப் போக நினைத்தால் ஓசூரிலும் பெங்களூரிலும் சலூன்காரர்கள் ஜெல் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். ஆறு மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால் நேராக ஜெல் வகுப்புக்குப் போவதே சரி. ஆனால் வகுப்புக்குப் போங்கள், கிட் வாங்கி வீட்டில் தனியாகப் பழகாதீர்கள்.

அப்படியானால் ஃபைபர்கிளாஸுக்கு இங்கே யார்தான் வருவார்கள்? பெயர் தெரியாமலே வருகிறார்கள். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெண்கள், பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவர்கள், நாள் முழுக்க கைகள் ஈரத்தில் இருக்கும் சமையல்காரம்மாக்கள். "நகம் ஏடு ஏடா பிளக்குதும்மா, துணில மாட்டி இழுக்குது" என்பார்கள். அவர்களுக்கு நீளம் வேண்டாம், ஜெல்லும் வேண்டாம். பிளவு விழுந்த இடத்தில் குறுக்காக ஒரு மெல்லிய ஃபைபர்கிளாஸ் பட்டை, அதன் மேல் முழுத் துணி, அது வளர்ந்து வெளியேறும்வரை தாங்கும். என் கையில் இது பலமுறை பார்த்த பலன். பச்சையாகவோ மஞ்சளாகவோ நிறம் மாறிய நகத்திலும், நகச்சுத்தி வந்து வீங்கிய விரலிலும் மட்டும் எதையும் ஒட்டக் கூடாது, மருத்துவரிடம் அனுப்புங்கள். தூக்கிய ஓரத்துக்குள் ஈரம் தங்கினாலும் கிருமி வளரும், ஆகவே தூக்கியதைப் பசைவிட்டு அமுக்கி ஒட்டாதீர்கள்.

மருதாணி வைக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. ராப் போட்ட பிறகு மருதாணி வைத்தால் நகம் சிவக்காது, சாயம் நகத்தைத் தொடவே முடியாது. முதலில் மருதாணி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ ராப். சிவப்பு வலை வழியாக அழகாகத் தெரியும். கோன் மருதாணியில் எண்ணெய் கலந்திருப்பார்கள், நகத்தை நன்றாகச் சுத்தம் செய்யாவிட்டால் ஒட்டாது.

எங்கே கற்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைப் பயிற்சி இலவசமாகவே நடத்துகிறார்கள். நகப் பராமரிப்பு, சுத்தம், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது, வாடிக்கையாளரிடம் பேசுவது, கணக்கு எழுதுவது எல்லாம் அங்கே வரும். ராப் தனியாக வராவிட்டாலும் இந்த அடித்தளம் இல்லாமல் யாருக்கும் கைநீட்டச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். பெங்களூரில் ஜெல், அக்ரிலிக் குறுகிய வகுப்புகள் நிறைய. போகவர நாள் முழுக்கப் போய்விடும். ஒரு வகுப்பில் என் தோழி பணம் கட்டிச் சேர்ந்தாள். இருபது பேருக்கு ஒரு ஆசிரியை, நான்கு நாளில் அவள் உயிருள்ள நகத்தைத் தொட்டது இரண்டே முறை. சேருமுன் எத்தனை கைகளில் செய்து பார்க்க விடுவீர்கள் என்று கேளுங்கள், சான்றிதழைப் பற்றி அப்புறம் கேட்கலாம். ஃபைபர்கிளாஸை மட்டும் வீடியோ பார்த்தே கற்க முடியும் என்று துணிந்து சொல்வேன். முதலில் உங்கள் இடது கை, அப்புறம் அம்மா, அக்கா, தங்கை. பத்துக் கைகளில் இரண்டு வாரம் தூக்காமல் நிற்கிறதென்றால், நகத்தைத் தயார்செய்யக் கற்றுவிட்டீர்கள். ஜெல் நிற்பதும் நிற்காததும் அதே தயாரிப்பில்தான் இருக்கிறது.

அக்கா மகள் கிட்டை வாங்கவில்லை. வலைத்துணி ஒரு சுருள், ரெசின், ஆக்டிவேட்டர், சின்னக் கத்தரிக்கோல், இரண்டு பஃபர், மாஸ்க் வாங்கினாள். விளக்கோடு வரும் கிட்டுக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி மிச்சம். ரெசின் பாட்டிலை வெயில் படாத அலமாரியில் வைக்கச் சொன்னேன், நம் ஊர் சித்திரை வெயிலில் அது சீக்கிரம் கெட்டியாகிவிடும்.

முதல் வேலை அவள் அம்மாவின் வலது கட்டைவிரல், அரிவாள்மணையில் பட்டு ஓரத்தில் பிளந்திருந்த நகம். போன ஞாயிறு இருவரும் வந்தார்கள். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பிளவு அசையவே இல்லை. இடது ஓரத்தில் மட்டும் அரிசி முனை அளவுக்குத் தூக்கியிருந்தது. நான் எதுவும் சொல்லுமுன் அவளே லென்ஸ் விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெட்டும்போது இந்த மூலையத்தான் சித்தி விரலால பிடிச்சேன்" என்றாள். தூக்கிய இடத்தை நெம்பாமல் ஃபைலால் மட்டும் சரித்து எடுத்துவிட்டு, புதுத் துண்டு வெட்ட உட்கார்ந்தாள். இந்த முறை துணியை ட்வீசரால் பிடித்தாள்.